சுருக்குவது யார்? பிரவுசரின் டேட்டா சேமிப்பும் உங்கள் இணையதளமும்

இந்தியாவில் புழங்கும் பல டேட்டா பேக்குகளில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்ததும் நெட் நின்றுவிடுவதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு 8 கேபி. 2 எம்பி கனமுள்ள ஒரு செய்திப் பக்கம் அந்த வேகத்தில் முழுதாக வந்து சேர 250 நொடி ஆகும், அதாவது நான்கு நிமிடத்துக்கும் மேல். அதே செய்தியை 200 கேபிக்குள் அனுப்பியிருந்தால் 25 நொடி. முதலாவதை யாரும் படிக்கப் போவதில்லை. இரண்டாவதைக் கொஞ்சம் பொறுத்திருந்து படித்துவிடுவார்கள்.

பிரவுசர்களில் காணும் ‘டேட்டா சேமிப்பு’ வசதி இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். ஆனால் அதை ஆன் செய்ததும் உள்ளே நடப்பது எல்லா பிரவுசரிலும் ஒன்றல்ல. சிலவற்றில் நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்து, பக்கத்தைச் சுருக்கித் தருகிறது. மற்றவற்றில் பிரவுசர் எதையுமே சுருக்குவதில்லை. ‘இவருக்குக் குறைவாக அனுப்பு’ என்று இணையதளத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வரியைத் தளம் கண்டுகொள்ளாவிட்டால் ஒரு பைட்கூட மிச்சமாகாது. தளம் நடத்தும் பலருக்கு அப்படி ஒரு வரி வருவதே தெரியாது. இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பதோ இந்த இரண்டாவது வகைதான்.

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்க முடியாது

சேமிப்பு மூன்று வழிகளில் கிடைக்கிறது. ஒன்றும் இழக்காமல் கட்டி அனுப்புவது, தரத்தைக் கொஞ்சம் இழந்து அனுப்புவது, அனுப்பாமலே விடுவது. இவை மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஜிஜிப் போட்டிருக்கிறேன், ஆனாலும் பக்கம் கனமாகவே இருக்கிறதே’ என்ற கேள்வி வருகிறது.

முதல் வழி எழுத்துக்கு. ஜிஜிப், ப்ராட்லி போன்ற முறைகள் திரும்பத் திரும்ப வரும் பைட் வரிசைகளைக் கண்டுபிடித்து, ‘முன்பே வந்ததுதான், அங்கே பார்த்துக்கொள்’ என்று சுருக்கமாகக் குறித்து அனுப்பும். தமிழ்ப் பக்கங்களுக்கு இது மிகவும் பொருந்தும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். அந்த பைட்டுகளை எண்களாகப் பார்த்தால் 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141. ஒவ்வொரு மூன்றின் தொடக்கமும் 224; அடுத்தது 174 அல்லது 175. தமிழ்க் குறியீடுகள் அனைத்துக்கும் இதே விதிதான். ஆகவே மூன்றில் இரண்டு பைட் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை. போதாததற்கு ‘கிறது’, ‘வேண்டும்’, ‘என்று’ போன்றவை பக்கம் முழுக்கத் திரும்ப வரும். அதனால் தமிழ் உரை ஜிஜிப்பில் சாதாரணமாக நான்கில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கிறது என்ற கவலை சுருக்கம் ஆன் ஆகாத தளத்துக்கு மட்டும்தான்.

ஆன் ஆகியிருக்கிறதா என்பதுதான் சிக்கல். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஜிஜிப் இயல்பாக ஆஃப். ஆன் செய்தாலும் எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசான், எஸ்விஜி ஆகியவற்றை வகைப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கோரிக்கையில் ‘வயா’ என்ற ஹெட்டர் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் குறிப்பு வரி) இருந்தால், அதாவது நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைச் சர்வர்) இருக்கிறது என்று தெரிந்தால், என்ஜின்எக்ஸ் இயல்பு நிலையில் ஜிஜிப்பை நிறுத்திவிடும். ‘ஜிஜிப் ப்ராக்ஸிட்’ என்ற அமைப்பை ‘எனி’ என்று மாற்றினால்தான் ப்ராக்ஸி வழியாக வருபவர்களுக்கும் சுருக்கம் கிடைக்கும்.

இரண்டாவது வழி படத்துக்கு. ஜேபெக் கோப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். அதன் மேல் ஜிஜிப் போடுவது சர்வருக்கு வீண் வேலை. படத்தைக் குறைக்க அதன் அகலத்தைக் குறைக்க வேண்டும், தரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வெப்பி, ஏவிஐஎஃப் போன்ற புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இவற்றில் அகலம்தான் பெரிய லாபம். ஒரு போனின் திரை 360 புள்ளி அகலம், அடர்த்தி 3 என்றால் அதில் முழு அகலப் படத்துக்கு 1080 புள்ளிகள் அனுப்புவோம். டேட்டா சேமிக்க விரும்புகிறவருக்கு 540 போதும். அகலம் பாதி, உயரமும் பாதி, ஆக மொத்தப் புள்ளிகள் நான்கில் ஒன்று. கையளவு திரையில் வித்தியாசம் தெரியும், ஆனால் உறுத்தாது.

மூன்றாவது, அனுப்பாமல் விடுவது. தானாக ஓடும் காணொளி, அழகுக்கான எழுத்துரு, யாரும் தள்ளிப் பார்க்காத படச்சுழற்சியின் இரண்டாம் படம் முதல் பத்தாம் படம் வரை. மற்ற இரண்டையும்விட அதிகம் மிச்சமாவது இங்கேதான்.

நடுவில் உட்காரும் சர்வர்

பழைய வழியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இன்றும் ஓபரா மினியில் அது உயிரோடு இருக்கிறது. 2005-இல் வெளிவரத் தொடங்கி, 2006 ஜனவரியில் உலகம் முழுக்கக் கிடைத்த ஓபரா மினி, பட்டன் போன்களுக்காக எழுதப்பட்ட ஜாவா செயலி. அந்த போன்களால் ஒரு முழு இணையப் பக்கத்தைக் கையாள முடியாது. அதனால் போன் முகவரியை மட்டும் ஓபராவின் சர்வருக்குச் சொல்லும். சர்வர் தளத்துக்குப் போய்ப் பக்கத்தை இறக்கி, ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அடுக்கி, முடிந்த உருவத்தை ஓபராவுக்கே உரிய ஒரு பைனரி வடிவத்தில் போனுக்குத் தரும். போனுக்குப் போய்ச் சேருவது எச்டிஎம்எல் அல்ல, பக்கத்தின் சமைத்த வடிவம். அதனால்தான் 90 சதவீதம் வரை மிச்சம் என்று ஓபராவால் சொல்ல முடிந்தது.

தமிழ் வாசகர்கள் இந்த ஏற்பாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறோம். தமிழ் எழுத்துருவே இல்லாத போன்களில் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், ஓபரா மினியின் முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டி, ‘சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு’ என்ற வரியை ‘எஸ்’ ஆக்கிச் சேமித்தால் தமிழ் தெரிந்துவிடும். எழுத்தைச் சர்வரே படமாக வரைந்து அனுப்பியது. கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும் வேலையைப் போன் செய்யவே இல்லை. படமாக வருவதால் டேட்டா கொஞ்சம் கூடும். இருந்தும் வலைப்பூக்களையும் செய்தித் தளங்களையும் அந்த வழியில் போனில் படித்தவர்கள் ஏராளம்.

இன்று ஆண்ட்ராய்டு ஓபரா மினியில் ‘ஹை’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று இரண்டு அளவு சேமிப்பு உண்டு. ‘ஹை’ முறையில் பக்கம் போனிலேயே உருவாகிறது; அது பெரும்பாலும் மற்ற பிரவுசர்களைப் போலத்தான் நடந்துகொள்ளும். ‘எக்ஸ்ட்ரீம்’ முறைதான் மேலே சொன்ன சர்வர் சமையல். தளங்கள் உடைவது இதில்தான்.

எக்ஸ்ட்ரீம் முறையில் ஸ்கிரிப்ட் போனில் ஓடாது. சர்வரில், அதுவும் பக்கம் திறந்த முதல் சில நொடிகள் மட்டும் ஓடும், பிறகு உறைந்துவிடும். வினாடி வினாடியாக மாற வேண்டிய கிரிக்கெட் ஸ்கோர், ஏலத்தின் கடிகாரம், ஓடிபி மீண்டும் அனுப்ப எத்தனை நொடி என்ற எண்ணிக்கை எல்லாம் நின்றுபோகும். ஒரு மெனுவைத் தொட்டால், அந்தத் தொடுதல் சர்வருக்குப் போய், அங்கே ஸ்கிரிப்ட் ஓடி, மாறிய பக்கம் திரும்ப வர வேண்டும். வேகமான நெட்டில் சிறு தாமதம். மெதுவான நெட்டில் ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்று வாசகர் போய்விடுவார். கீழே உருட்ட உருட்டப் புதிய செய்தி சேரும் பக்கங்களில் முதல் தொகுதியோடு எல்லாம் முடிந்துவிடும், ஏனென்றால் உருட்டுவதைச் சர்வர் அறியாது.

தோற்றத்திலும் சில கைவிட்டுப் போகும். வெளியிலிருந்து இறக்கும் எழுத்துருக்கள் வராது. இதன் மோசமான விளைவு ஐகான் எழுத்துருக்களில். தேடல் பொத்தானில் பூதக்கண்ணாடி வடிவத்தை எழுத்துருவாக வைத்திருந்தால் அந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் இருக்கும். வண்டிப் படம், மெனுவின் மூன்று கோடு, மூடும் குறி எல்லாமே கட்டங்கள். எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. தீர்வு எளிது: பொத்தானுக்குள் ‘தேடு’, ‘மெனு’ என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள், ஐகானை எஸ்விஜி படமாக வையுங்கள். திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைப்புப் பட்டை இங்கே ஒட்டாது, பக்கத்தோடு நகர்ந்துவிடும். அசைவுகள் இல்லை. மெல்ல மங்கித் தெளியும் அசைவோடு செய்தி தோன்றும்படி வடிவமைத்து, தொடக்கத்தில் அதை மறைத்தே வைத்திருந்தால், அது மறைந்தபடியே இருந்துவிடும். வாசகருக்கு வெள்ளைப் பக்கம்.

இவை அனைத்துக்கும் ஒரே தற்காப்பு: செய்தியும் இணைப்பும் படிவமும் சர்வரிலிருந்து வரும் எச்டிஎம்எல்லிலேயே இருக்க வேண்டும், ஸ்கிரிப்ட் மேலே மெருகு போட வேண்டும். அடுத்த பக்கம் போக ஒரு உண்மையான இணைப்பு இருந்தால் உருட்டும் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வாசகர் போய்விடுவார். கருத்துப் பெட்டி ஒரு உண்மையான படிவமாக இருந்தால் கருத்து வந்து சேரும்.

நடுவில் ஒரு சர்வர் வந்தால் முகவரியும் மாறும். தளத்தின் பதிவேட்டில் வாசகரின் ஐபிக்கு (இணையத்தில் அவரது முகவரி எண்) பதில் ப்ராக்ஸியின் ஐபி விழும். இதனால் மூன்று தொல்லைகள். ஒரே ஐபியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று தடுப்பு வைத்திருந்தால், ஒரு ஊரின் வாசகர்கள் அனைவரும் ஒரே ஆளாகக் கணக்காகித் தடுக்கப்படுவார்கள். ஐபியை வைத்து நாடு கண்டுபிடித்தால் மதுரைக்காரர் வேறு நாட்டில் இருப்பதாகத் தெரிவார். விலையும் மொழியும் தப்பாகும். ஒரு ஐபிக்கு ஒரு வாக்கு என்ற கருத்துக்கணிப்பு முதல் வாக்கோடு மூடிவிடும். உண்மையான முகவரியைப் ப்ராக்ஸி ‘எக்ஸ்-ஃபார்வர்டெட்-ஃபார்’ என்ற ஹெட்டரில் எழுதி அனுப்பும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எவரும் அந்த ஹெட்டரைத் தாமே எழுதி அனுப்பலாம். கோரிக்கை அறியப்பட்ட ப்ராக்ஸியின் ஐபியிலிருந்து வந்தால் மட்டும் அதைப் படிக்கும்படி சர்வரை அமைக்க வேண்டும்.

பூட்டுக் குறி பற்றியும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ட்ரீம் முறையில் எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கத்தோடு இயங்கும் தளத்தைத் திறந்தால், தளத்துக்கும் ஓபரா சர்வருக்கும் இடையே ஒரு மறையாக்கம், சர்வருக்கும் போனுக்கும் இடையே இன்னொன்று. நடுவில் பக்கம் திறந்த நிலையில்தான் இருக்கும். திறக்காமல் சமைக்க முடியாது. ஓபராவே இதை மறைக்கவில்லை. வங்கிக் கணக்கு, அரசு அடையாள எண், மருத்துவ அறிக்கை போன்றவற்றைப் பார்க்கும்போது சேமிப்பை ஆஃப் செய்துவிட்டுப் போங்கள், அல்லது வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள். சில எம்பி மிச்சத்துக்காக அந்த இடத்தில் இடைத்தரகர் வேண்டாம்.

குரோம் விலகிய கதை

கூகுள் குரோம் 2013-இல் ஆண்ட்ராய்டு சோதனைப் பதிப்பில் இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்து, 2014-இல் எல்லோருக்கும் தந்தது. ஆனால் பக்கத்தைச் சமைக்கவில்லை. கூகுளின் ப்ராக்ஸி வழியாகக் கோப்புகளை எடுத்து, படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி, எழுத்தைக் கட்டி அனுப்பியது. பாதி வரை மிச்சம் என்று அறிவித்தார்கள். தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் பக்கங்களை அது தொடவில்லை. தொட வேண்டுமென்றால் பூட்டைத் திறக்க வேண்டுமே.

இந்த நேர்மையான முடிவே அதன் எல்லையாகவும் ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் தளங்கள் கூட்டம் கூட்டமாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறின. ப்ராக்ஸிக்குச் சுருக்கக் கிடைத்த பக்கங்கள் குறைந்துகொண்டே போயின. 2019-இல் ‘லைட் மோட்’ என்று பெயர் மாறியது. 2022 மார்ச் 29 அன்று குரோம் 100 வெளியானபோது அந்த வசதி நீக்கப்பட்டது. பல நாடுகளில் மொபைல் டேட்டா விலை குறைந்ததையும், குரோமிலேயே டேட்டாவைக் குறைக்கும் மேம்பாடுகள் வந்ததையும் கூகுள் காரணமாகச் சொன்னது. மெதுவான இணைப்பில் தேடலிலிருந்து வருபவர்களுக்குப் பக்கத்தை மெலிதாக்கித் தந்த ‘வெப் லைட்’ சேவையும் அதே ஆண்டு மூடப்பட்டது.

அந்தக் காலத்தில் தளங்களுக்கு ஒரு மறுப்புரிமை இருந்தது, இன்றும் இருக்கிறது. ‘கேஷ்-கன்ட்ரோல்’ ஹெட்டரில் ‘நோ-டிரான்ஸ்ஃபார்ம்’ என்று எழுதினால், நடுவில் இருப்பவர் கோப்பை மாற்றக் கூடாது. 1999-இன் எச்டிடிபி 1.1 விதிகளிலேயே இது உண்டு. அச்சுக்குப் போகும் படம், எக்ஸ்ரே, ஒரு பைட் மாறினாலும் கெட்டுவிடும் கோப்பு ஆகியவற்றுக்கு இது நியாயம். தளம் முழுக்கப் போடுவது நியாயமல்ல. மிச்சமாகியிருக்க வேண்டிய டேட்டாவுக்கு வாசகர் காசு கொடுக்கிறார். மேலும் இது நேர்மையாக நடப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். எச்டிடிபி பக்கங்களில் சில மொபைல் நிறுவனங்களின் கருவிகள் கேட்காமலே படங்களை மங்கலாக்கி, ‘ஷிஃப்ட்-ஆர் அழுத்தினால் படம் தெளிவாகும்’ என்ற குறிப்பையும் பக்கத்துக்குள் செருகின. அதற்கு உண்மையான தடை எச்டிடிபிஎஸ்தான். ப்ராட்லி சுருக்கத்தைப் பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் ஏற்பதற்குக் காரணமும் இப்படி நடுவில் இருக்கும் கருவிகள்தான். தெரியாத சுருக்க முறையைக் கண்டால் அவை கோப்பைக் கெடுத்துவிடும்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரு வரி

ப்ராக்ஸி போனாலும் அதன் காலத்தில் பிறந்த ஒரு சிறு ஹெட்டர் தங்கிவிட்டது: ‘சேவ்-டேட்டா: ஆன்’. ஆண்ட்ராய்டு 7 முதல் போன் அமைப்புகளில் நெட்வொர்க் பிரிவுக்குள் ‘டேட்டா சேவர்’ உண்டு. அதை ஆன் செய்தவரின் குரோம், கேட்கும் ஒவ்வொரு கோப்போடும் இந்த வரியை அனுப்புகிறது. எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் இந்த வழியை அறிந்தவை. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அனுப்புவதில்லை. ஐபோனில் ‘லோ டேட்டா மோட்’ ஆன் ஆக இருந்தாலும் சஃபாரி அதைத் தளத்துக்குச் சொல்லாது. எனவே ஹெட்டர் வராத வாசகர் தாராளமாக டேட்டா வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

சர்வரில் இதைப் படிப்பது மிக எளிது. பிஎச்பியில் சர்வர் மாறிகளுக்குள் ‘எச்டிடிபி_சேவ்_டேட்டா’ என்ற பெயரில் கிடைக்கும். அதன் மதிப்பு ‘ஆன்’ தானா என்று பார்த்தால் போதும், சிறிய எழுத்து பெரிய எழுத்து வேறுபாடு பார்க்காமல். பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நேவிகேட்டர்’ பொருளின் ‘கனெக்ஷன்’ பகுதியில் ‘சேவ்டேட்டா’ என்ற பண்பு உண்டு. ‘கனெக்ஷன்’ என்ற பகுதியே இல்லாத பிரவுசர்கள் இருப்பதால், அது இருக்கிறதா என்று முதலில் சோதிக்காவிட்டால் அங்கே பிழை வந்து மீதி ஸ்கிரிப்ட் நின்றுவிடும். சிஎஸ்எஸ்ஸில் குறைந்த டேட்டாவுக்கென்று ஒரு மீடியா வினவல் வரைவாக இருக்கிறது. வாசகர்களின் பிரவுசர்களில் அது இயல்பாக ஆன் ஆகவில்லை, அதை நம்பித் தளம் கட்ட முடியாது.

எந்த இடத்தில் சோதிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டில் பார்த்து, பெரிய படத்தின் முகவரியைச் சிறிய படத்துக்கு மாற்றினால், மிச்சமாவதற்குப் பதில் கூடுதலாகத்தான் செலவாகும். பிரவுசர் எச்டிஎம்எல்லைப் பெறும்போதே முன்னோட்டமாகப் படித்து, பட முகவரிகளைக் கண்ட நொடியில் இறக்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்கிரிப்ட் விழித்துப் பார்க்கும்போது பெரிய படம் பாதி வந்திருக்கும். அதன் மேல் சிறியதும் வரும். படம் பற்றிய முடிவைச் சர்வரிலேயே எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட்டால் தடுக்கக்கூடியவை, ஸ்கிரிப்ட்டால் தொடங்குபவை மட்டுமே: காணொளி, வரைபடம், சமூக ஊடகப் பதிவுகள், அடுத்த பக்கத்தை முன்கூட்டி இறக்கும் வேலை.

சர்வரில் செய்ய, பட முகவரியை மாற்றாமலே ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் சிறு பிரதியை, பெயரின் இறுதியில் ஒரு பின்னொட்டுச் சேர்த்து வைத்துவிடுங்கள். ஹெட்டர் ‘ஆன்’ என்றால் பின்னொட்டுள்ள கோப்பைத் தேடு, இல்லாவிட்டால் மூலக் கோப்பைக் கொடு என்று என்ஜின்எக்ஸில் நான்கைந்து வரியில் எழுதிவிடலாம். பட கோரிக்கையோடும் ஹெட்டர் வருவதால், பக்கத்தை உருவாக்கும் நிரலைத் தொடவே தேவையில்லை. வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இதுதான் ஏற்றது. அங்கே கேஷ் (ஒருமுறை உருவான பதிலைச் சேமித்துத் திரும்பத் தரும் வசதி) செருகுநிரல் இருந்தால் பக்கம் முன்பே செய்து வைத்த கோப்பாகப் போகும். பிஎச்பி ஓடவே ஓடாது. நீங்கள் தீமுக்குள் எழுதிய சோதனை ஒரு நாளும் நடக்காது.

கேஷ் பற்றிப் பேசும்போதே அதன் பெரிய ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே முகவரிக்கு இரண்டு விதமான பதில் தருகிறோம். நடுவில் சிடிஎன் (தளத்தின் கோப்புகளின் பிரதியை வைத்திருந்து தரும் சர்வர்கள்) இருக்கிறது. காலையில் முதலில் வந்தவர் டேட்டா சேவர் வைத்திருந்தால், அவருக்குப் போன மங்கலான படத்தை சிடிஎன் பத்திரப்படுத்தி, நாள் முழுக்க எல்லோருக்கும் அதையே கொடுக்கும். முதலில் வந்தவர் பெரிய திரைக்காரர் என்றால் தலைகீழாக நடக்கும்: சேமிக்கக் கேட்டவருக்கும் 2 எம்பி. ‘சில நாள் படம் தெளிவாக இருக்கிறது, சில நாள் இல்லை’ என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பதிலோடு ‘வேரி: சேவ்-டேட்டா’ என்ற ஹெட்டரை அனுப்ப வேண்டும், இந்த முகவரியின் பதில் அந்த ஹெட்டரைப் பொறுத்து மாறும் என்று கேஷுக்கு அது சொல்கிறது. பெரிய பதில், சிறிய பதில் இரண்டிலும் அனுப்ப வேண்டும், ஒன்றில் மட்டும் போட்டால் பயனில்லை. எல்லா சிடிஎன்னும் ‘வேரி’யை முழுமையாக மதிப்பதில்லை, கேஷ் சாவி அமைப்பில் இந்த ஹெட்டரைத் தனியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெவ்வேறு முகவரி வைத்துப் பிரிப்பதே பாதுகாப்பு.

எதை விடுவது, எதை விடக் கூடாது

எழுத்துருவை முதலில் விடலாம். ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. தளத்தின் தனி எழுத்துரு சாதாரணம், தடிமன் என்று இரண்டு கோப்பாக வந்தால், செய்தியின் எழுத்து முழுவதையும்விட அவை கனமாக இருப்பது சகஜம். ஹெட்டர் வந்தால் எழுத்துரு அறிவிப்பு உள்ள சிஎஸ்எஸ்ஸை இணைக்காமல் விட்டால் போதும். பக்கம் போனின் எழுத்துருவில் உடனே தெரியும்.

அடுத்து, பதிக்கப்பட்ட காணொளி. யூடியூப் பெட்டி ஒன்றை வைத்தால், யாரும் அதைத் தொடாதபோதும் அரை எம்பிக்கு மேல் ஸ்கிரிப்ட் இறங்கும். அதற்குப் பதில் காணொளியின் முகப்புப் படத்தையும் ஒரு முக்கோணப் பொத்தானையும் காட்டி, தொட்ட பிறகு உண்மையான பெட்டியை ஏற்றலாம். இதை எல்லா வாசகருக்கும் செய்வதே நல்லது. உங்கள் சர்வரில் உள்ள காணொளி என்றால் ‘ப்ரீலோட்’ பண்பை ‘நன்’ ஆக்குங்கள், ‘ஆட்டோப்ளே’யை எடுத்துவிடுங்கள்.

படம் திரையை நெருங்கும்போதுதான் இறக்கும், சோம்பல் ஏற்றம் என்று சொல்லப்படும் ‘லேஸி’ பண்பு மட்டும் போதுமே என்று நினைக்கலாம். குரோம் அந்தப் படங்களை வாசகர் பார்வைக்கு வந்த பிறகு இறக்குவதில்லை. நல்ல இணைப்பில் திரைக்குக் கீழே 1250 புள்ளி தூரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடும். 3ஜி அல்லது அதைவிட மெதுவான இணைப்பில் 2500 புள்ளி. மெதுவான நெட்டில் இன்னும் முன்கூட்டியே தொடங்குகிறது, தாமதம் தெரியாதிருக்க. ஆகவே தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கும் மூன்று நான்கு திரை அளவுப் படம் இறங்கியிருக்கும்.

விடக் கூடாதவை செய்திக்குள் செய்தியாக இருக்கும் படங்கள். பஸ் நேர அட்டவணையின் புகைப்படம், வெள்ள எச்சரிக்கை வரைபடம், மருந்து அளவு எழுதிய அட்டை. இவற்றைத் தரம் குறைத்தால் எண்கள் கரைந்து 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். இப்படிப்பட்ட படத்துக்குப் பின்னொட்டுப் பிரதி வைக்காதீர்கள், மூலக் கோப்பே போகட்டும். இன்னும் நல்லது, அட்டவணையை எழுத்தாகவே தட்டச்சிடுவது. 300 கேபி படம் 2 கேபி உரையாகிவிடும், பார்வையற்றவரின் திரை வாசிப்பானும் படிக்கும்.

விட்ட எதையும் கேட்டால் தரவும் வேண்டும். படம் இருந்த இடத்தில் அதன் விளக்கமும் ‘படத்தைக் காட்டு, 180 கேபி’ என்ற பொத்தானும் இருக்கட்டும். எவ்வளவு செலவாகும் என்று முன்பே சொன்னால் வாசகர் தாமே முடிவு செய்வார்.

சோதிக்கும் முறை

உண்மையான போனில் டேட்டா சேவரை ஆன் செய்து பார்ப்பது ஒரு வழி. கணினியில் ‘கர்ல்’ கருவியால் ஒரே பட முகவரியை ஹெட்டரோடு ஒரு முறை, ஹெட்டர் இல்லாமல் ஒரு முறை அழைத்து, வந்த பைட்டுகளை ஒப்பிடுவது துல்லியமான வழி. இரண்டும் ஒரே அளவு என்றால் சர்வர் கேட்கவில்லை, அல்லது நடுவில் உள்ள கேஷ் ஒரே பதிலையே திருப்பித் தருகிறது. வேறு வேறு என்றால், இப்போது வரிசையை மாற்றி அழையுங்கள்; ஹெட்டர் இல்லாத கோரிக்கைக்குச் சிறு படம் வந்தால் நடுவில் கேஷ் கலக்கிவிட்டது என்று அர்த்தம். பதில் ஹெட்டர்களில் ‘வேரி’ வரியைத் தேடுங்கள். அதில் ஏற்கெனவே ‘அக்செப்ட்-என்கோடிங்’ இருந்தால் அதை அழிக்காமல் காற்புள்ளி போட்டுச் சேர்த்திருக்க வேண்டும்.

பிறகு குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வேக வரம்புப் பட்டியலில் புதிதாக ஒன்று உருவாக்கி, இறக்க வேகம் 64 கேபிபிஎஸ், தாமதம் 400 மில்லிநொடி என்று கொடுத்து, கேஷை முடக்கிவிட்டு உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் வரி படிக்கக் கிடைக்க எத்தனை நொடி, மெனுவைத் தொட்டால் திறக்க எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே தெரியும் மொத்த அளவைக் கேபி கணக்கில் எடுத்து 8-ஆல் வகுத்தால், டேட்டா தீர்ந்த மாலையில் உங்கள் வாசகர் காத்திருக்கும் நொடிக் கணக்கு கிடைக்கும். பட்டியலை அளவுவாரியாக அடுக்கினால் உச்சியில் இருக்கும் மூன்று கோப்புகள்தான் முதல் வேலை.